ஏற்காடு வட்டத்துக்கு மட்டும்

விடியற்காலை ஐந்து பத்துக்கு அழைப்பு.
"மேலே ஒண்ணுமே தெரியலையாம்.
பதினெட்டாம் வளைவில் மரம் வேற விழுந்திருக்கு.
டைப் பண்ணி வைம்மா, ஐயா பார்க்கட்டும்."

அடுப்பில் பால். ஒரு கண் அதில்.
கட்டைவிரலால் தட்டுகிறேன்:
கனமழை மற்றும் கடும் பனிமூட்டம் காரணமாக
ஏற்காடு வட்டத்துக்கு மட்டும்
பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.
'மட்டும்' இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்கிறேன்.
போன வருஷம் அது விட்டுப்போய்
அரிசிப்பாளையம் முழுக்கப் பையன்கள்
கிரிக்கெட் மட்டையோடு தெருவில் நின்றார்கள்.
மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

கொட்டச்சேட்டில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
மஞ்சு இறங்கினால்
காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.
எட்டே காலுக்குள் கீழ்த் திருப்பத்தில்
பஸ் ஹாரன் கேட்டால்
ஜெசிந்தா டீச்சர் சேலத்திலிருந்து வந்தாயிற்று.
கேட்காவிட்டால் லீவு.
லீவு என்றால்
அம்மா பின்னால் காப்பித் தோட்டம்,
இடுப்பில் சாக்கு, விரல் விறைக்க ஈரப் பழம்,
சாயங்காலம் ரைட்டரின் தராசு.
அண்ணன் சடையன் இரண்டு செடி தள்ளித்தான் நிற்பான்,
ஆள் தெரியாது, இருமல் தெரியும்.
அட்டை ஏறியதைக் கால் சொல்லாது.
வீட்டுக்கு வந்தபின் பாவாடை சொல்லும்.

ஒரு வியாழக்கிழமை
ஹாரன் கேட்கவில்லை.
ஆனாலும் கிளம்பினோம்.
வியாழன் முட்டை நாள்.
பதினோரு பேர், ஒருத்தர் பை வாரை ஒருத்தர் பிடித்து.
சில்வர் ஓக் மரங்கள் வெள்ளைக்குள்ளிருந்து
ஒவ்வொன்றாக எதிரே வந்து
நான்தான் என்று காட்டிவிட்டுப் பின்னால் போயின.

பள்ளிக்கூடம் பூட்டு.
சத்துணவு அறையில் மட்டும்
மூட்டி அணைத்த அடுப்பின் புகை, அதற்குள் பாப்பாத்தி அக்கா.
"டீச்சர் வரலை. ரிஜிஸ்டர் போடாம
முட்டை எப்படிடா தருவேன்?
எண்ணி அனுப்பறாங்க."

நாங்கள் போகவில்லை.
வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து
டீச்சர் குரலில் நாங்களே பெயர் கூப்பிட்டு
நாங்களே பதில் சொன்னோம்.
உள்ளேன் டீச்சர்.
உள்ளேன் டீச்சர்.
காய்ச்சலில் கிடந்த துளசிராமனுக்கும் சேர்த்துச்
சடையன் ஒரு உள்ளேன்.
அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.
முட்டை தரவில்லை.

அவள் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.
பதினோரு வருஷமாக நானும் ரிஜிஸ்டர் எழுதுகிறவள்.
ஆனால் அந்தப் பாத்திரம்
மூடியிருந்த விதம் ஞாபகமிருக்கிறது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது.
தீய்ந்த வாசனைக்கு நிறைமதி எழுந்து வருகிறாள்.
"லீவாம்மா?"
"ஏற்காட்டுக்கு மட்டும்."
"நாமளும் ஏற்காடுதானே?"
"ரேஷன் கார்டில் இல்லை."

ஆறு மணிக்குச் சடையன் போன் போடுகிறான்.
"ஏன் சின்னவளே லீவு விட்டே?
பழம் உதிருது. பொண்ண எங்க விட்டுட்டுப் போறது?"
"நான் டைப் பண்றவ. கையெழுத்து என்னுதில்ல."
"இப்பத் தினமும் முட்டை, தெரியுமா?"
"தெரியும்."
"இன்னிக்கு ஒண்ணு போச்சு."
சிரிக்கிறானா இருமுகிறானா,
சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.

அஸ்தம்பட்டி ரவுண்டானா.
தூறல். பின் சீட்டில் நிறைமதி,
ரெயின்கோட்டுக்குள் என்னைத் திட்டிக்கொண்டு.
மலை இருக்க வேண்டிய இடத்தில்
மலை இல்லை.
பின்னால் டவுன் பஸ் நீளமாக ஹாரன் அடிக்கிறது.
மணி எட்டேகால்.
முதுகு தானாக நிமிர்கிறது,
பை வாரைத் தேடிக் கை போகிறது.

"பச்சை விழுந்து எவ்வளவு நேரம்!
தூங்கறியாம்மா?" என்கிறார் டிரைவர்.